தொண்ணூத்தாறு மார்க் அழைப்பு

ஊர் வாயைக்கூட ஒருநாள் மூடிவிடலாம், லூசெட்டின் வாய்க்கு மட்டும் உலைமூடி கிடையாது என்பார்கள், காகித ஆலையில் அவளோடு வேலை பார்த்தவர்கள். ஆலையை இழுத்து மூடிய பிறகு அந்த வாயை நம்பித்தான் சூடேற்றி எண்ணெய் விற்கும் கம்பெனியில் போன் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்தாள். அமெரிக்காவில் மேய்ன் மாநிலத்தின் வடகோடியில் ஜனவரி மாதம் வீட்டுச் சூடேற்றி நின்றுபோனால் ஜனங்கள் முதலில் கூப்பிடுவது அந்தக் கம்பெனியைத்தான். இந்த வேலையும் நிலைக்காவிட்டால் வீட்டை விற்றுவிட்டு தூரத்துக் கனெடிகட் மாநிலத்தில் மகன் வீட்டு மாடியறையில் போய் ஒண்டவேண்டியதுதான். மருமகள் தங்கமானவள். அதற்காக ஒரே அடுப்பங்கரையில் இரண்டு பேர் எத்தனை நாள் நிற்பது?

வேலை கற்றுக்கொடுத்தது மனுஷனில்லை, கணினிக்குள் இருந்த ஒரு குரல். பார்க்கர் என்று அதற்குப் பெயர் வைத்திருந்தார்கள். கோபக்கார வாடிக்கையாளர் மாதிரி அதுவே கூப்பிடும், கத்தும், முறையிடும். பதில் சொல்லிப் போனை வைத்த மறுநொடி திரையில் மார்க் விழும். எண்பது வாங்கினால் வேலை நிரந்தரம். லூசெட் நாற்பதைத் தாண்டவில்லை.

காரணம் ஊருக்கே தெரிந்ததுதான். அந்த ஆற்றங்கரையில் யார் வாயைத் திறந்தாலும் முதல் கேள்வி, நீ யார் வீட்டுப் பிள்ளை என்பதுதான். அப்பன் பேர், ஆத்தாள் பேர், எந்தச் சாலை, எந்தக் களஞ்சியம் எல்லாம் தெரிந்த பிறகுதான் மற்ற பேச்சு. பார்க்கரிடமும் லூசெட் அதையே கேட்டாள். "மன்னிக்கணும், கேள்வி புரியல" என்று பார்க்கர் சொன்னான், மார்க்கும் போனது. மறுபடியும் கேட்டாள். தொட்டில் பழக்கம் லேசில் போகுமா?

மேற்பார்வை பார்க்கும் ரெனே தலையில் அடித்துக்கொண்டான். அவளைவிடச் சின்னவன், நல்ல பையன்தான். "லூசெட்டக்கா, அது மிஷின். அதுக்கு அப்பனும் கெடையாது, ஆத்தாளும் கெடையாது. அதுகிட்டப் போய் யாரு வீட்டுப் புள்ளன்னா அது எங்க போகும், பாவம்?"

"அடப்பாவமே, அநாதைப் பயலா? முன்னாடியே சொல்லியிருந்தா இன்னும் ரெண்டு வார்த்தை பாசமாப் பேசியிருப்பேனே."

"ஐயோ, பாசமெல்லாம் வேணாம்க்கா! 'உங்க கஷ்டம் புரியுது'ன்னு சொல்லுங்க, கணக்கு நம்பரைக் கேளுங்க, வையுங்க. நாளைக்குத்தான் கடைசித் தேர்வு. நெஜ அழைப்பு வர்ற லைன்லயே நடுவுல பார்க்கரும் வருவான். எப்ப வருவான்னு எனக்கே தெரியாது."

அன்று சாயங்காலம் அந்தப் பக்கத்துக் கோதுவரகுத் தானிய ரொட்டி சுட்டுக்கொண்டே, "உங்க கஷ்டம் புரியுது, உங்க கஷ்டம் புரியுது" என்று அடுப்பிடம் சொல்லிச் சொல்லிப் பழகினாள். ரொட்டி தீய்ந்ததுதான் மிச்சம்.

மறுநாள் மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு முதல் அழைப்பு வந்தது. ஆண் குரல். ஊர்ப் பேச்சின் சாயலே இல்லை.

"வீடு ஐஸ் பெட்டியா இருக்கும்மா. சூடேத்தி நின்னுபோச்சு. என்ன கம்பெனி நடத்துறீங்க நீங்க?"

அட, பார்க்கர்! அதே வசனம்! வந்தான்டா என் ராசா என்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். நாக்கு நுனிவரை வந்த கேள்வியைக் கடித்து விழுங்கினாள்.

"உங்க கஷ்டம் புரியுது சார். உங்க கணக்கு நம்பர் சொல்ல முடியுமா?"

"அது தெரியாதும்மா. இது எங்கக்கா வீடு. அவ தவறிட்டா. காகிதமெல்லாம் எங்க வெச்சாளோ."

"உங்க கஷ்டம் புரியுது சார். நம்பர் இல்லாம பதிவு பண்ண முடியாது. எடுத்து வெச்சுட்டு மறுபடியும் கூப்பிடுங்க. இந்த நாள் உங்களுக்கு நல்லா அமையட்டும்."

அந்தப் பக்கம் இருமல் கேட்டது. "சரிம்மா. தேடிப் பாக்குறேன்."

போனை வைத்துவிட்டுப் பரீட்சை எழுதி முடித்த பிள்ளை மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மார்க் விழவில்லை. கொஞ்சம் பொறுத்தாள். அப்போதும் இல்லை. திரையின் மூலையில் கூப்பிட்டவரின் போன் நம்பர் நின்றது. உள்ளூர் நம்பர். பார்க்கருக்கு ஏது நம்பர்? பார்க்கர் என்றைக்கு இருமினான்?

ஆத்தாடி, மனுஷன்!

அந்த நம்பரையே திருப்பிப் போட்டாள். மணி அடித்தது, அடித்துக்கொண்டே இருந்தது. கடைசியில் எடுத்தார். குளிரில் அவர் வாய் குழறியது.

"கொட்டகையில... காகிதம் தேடிட்டு... இருந்தேன்."

"காகிதம் கெடக்குது, தூக்கிப் போடுங்க! நீங்க யாரு வீட்டுப் புள்ள?"

"என்னது?"

"அக்கா வீடுன்னீங்களே, எந்த அக்கா? பேரு?"

"எட்னா."

"சிவப்புக் களஞ்சியம், கோணலா ஒரு தபால் பெட்டி, அந்த எட்னாவா? நீங்க பாஸ்டனுக்குப் போன தம்பி வெர்னானா?"

"ஆமா." குரல் லேசாகச் சிரித்தது. "அந்தப் பெட்டி இன்னும் கோணல்தான்."

போனைக் கையால் பொத்திக்கொண்டு, எண்ணெய் வண்டி ஓட்டி, சூடேற்றியும் பழுதுபார்க்கும் ஆல்டனுக்குக் குரல் கொடுத்தாள். "எட்னா வீடு! இப்பவே! மத்ததெல்லாம் அப்புறம்!" பிறகு வெர்னானைக் கோட்டுப் போடவைத்தாள், இருக்கிற போர்வையையெல்லாம் சுற்றிக்கொள்ளச் சொன்னாள், தூங்கிவிடாமல் இருக்கப் பேச்சுக் கொடுத்தாள். எட்னாவின் சண்டைகளை, எட்னா வளர்த்த பொல்லாத வாத்தை, சீட்டாட்டத்தில் எட்னா செய்த திருட்டுத்தனத்தை ஒன்றுவிடாமல் சொன்னாள். நடுவில் இரண்டாவது லைன் மினுக்கியது. நம்பர் இல்லாத அழைப்பு. பார்க்கர்தான், தெரிந்தது. வீடு போச்சு, மாடியறைதான் என்று நினைத்தாள், ஆனாலும் எடுக்கவில்லை. மினுக்கி மினுக்கி அது அணைந்தது. ஆல்டன் கதவைத் தட்டும் சத்தமும், அப்புறம் சூடேற்றி உறுமும் சத்தமும் போனில் கேட்கும்வரை அவள் பேசிக்கொண்டே இருந்தாள்.

சாயங்காலம் ரெனே துள்ளிக்கொண்டு வந்தான். "அக்கா, பாஸ்! தொண்ணூத்தாறு! இந்த ஆபீஸ்லயே யாரும் வாங்கினதில்ல!"

"எதுக்குடா? பார்க்கரைத்தான் நான் எடுக்கவே இல்லையே?"

"அதுக்கு முட்டை. நெஜ அழைப்புக்கும் மிஷின் சாயங்காலமா மார்க் போடும்க்கா. எதுல எண்பது வந்தாலும் சரிதான். மத்தியானம் மொத அழைப்பு, என்னமாப் பேசியிருக்கீங்க! அடுத்தது வெறும் முப்பத்தொண்ணு, அதைத் தள்ளுங்க. புதுசா வர்றவங்களுக்கு இதையே பாடமாப் போடலாம்னு மேல சொல்லிட்டாங்க. கேளுங்க."

பொத்தானை அமுக்கினான். தன் குரலையே லூசெட் கேட்டாள். அழகாக, அளவாக, தேன் தடவின மாதிரி. உங்க கஷ்டம் புரியுது சார். கடைசியில் அந்த இருமல். சரிம்மா. தேடிப் பாக்குறேன்.

வேலை கிடைத்துவிட்டது, வீடும் தப்பித்தது. சந்தோஷம் வரவேண்டிய இடத்தில் அவமானம் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"ரெனே, அந்த முப்பத்தொண்ணையும் கேளு."

"எதுக்குக்கா அது..."

"கேளு. பாடம்னு போட்டா ரெண்டையும் சேர்த்துப் போடு. இல்லேன்னா இந்த வேலை எனக்கு வேணாம்."

அவன் ஹெட்போனை மாட்டிக்கொண்டான். முதலில் வாத்துக் கதைக்குச் சிரித்தான். பிறகு சிரிப்பு நின்றது. கடைசிவரை எழுந்திருக்காமல் கேட்டான். கேட்டு முடித்தும் ஹெட்போனைக் கழற்றவில்லை.

அதற்குள் அவள் மேஜையில் மணி அடித்தது. திரையில் நம்பர் இல்லை. விட்டுப்போன தேர்வுக்குப் பார்க்கர் திரும்ப வந்திருப்பான். இல்லை, நம்பரை மறைத்துக்கொண்டு யாராவது மனுஷர் குளிரில் நடுங்கிக்கொண்டிருக்கலாம். யார் கண்டார்கள்? வழக்கமாக அவள் போனை எடுக்கும்போது, அந்தக் கேள்வி வேண்டாம் என்று கையை ஆட்டும் ரெனே, இப்போது கையை மடியிலேயே வைத்துக்கொண்டு அவளைப் பார்த்தான்.

லூசெட் போனை எடுத்தாள்.

"சொல்லுங்க, நீங்க யாரு வீட்டுப் புள்ள?"