ஆற்றில் பொறுக்கிய கல்

மலேயாவிலிருந்து பீங்கான் தொழில் படிக்க வந்த பையனுக்கு முன்னறையை வாடகைக்கு விட்டபோது, என் கொழுந்தன் கோவிந்தராசு வாசலில் நின்று சத்தம் போட்டார். அண்ணன் செத்து வருஷம் திரும்பவில்லை, அதற்குள் வீட்டில் ஓர் ஆம்பிளையா என்றார். மூன்றாம் வகுப்பை மேய்க்கிறவளுக்கு ஒரு பையனை மேய்க்கத் தெரியாதா, உங்கள் வேலையைப் பாருங்கள் என்றேன். அவர்மேல் எனக்கு வேறு கோபம் இருந்தது. என் வீட்டுக்காரர் மாணிக்கவேலை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த அன்றைக்கே எடுத்துவிட்டார்கள். பொம்பளை தெருமுனையைத் தாண்டக் கூடாது என்று என்னை நிறுத்திவிட்டு, கோவிந்தராசுதான் போய்க் கொள்ளி வைத்தார். மறுநாள் எலும்பு பொறுக்கி மணிமுத்தாற்றில் விட்டதும் அவர்தான். என் மனுஷன் கடைசியாகப் போனதை நான் பார்க்கவில்லை. அதுதான் எனக்கு ஆறவே இல்லை.

மணிமுத்தாற்றில் விட்ட எலும்பு கல்லாகிவிடும் என்பது எங்கள் விருத்தாசலத்து நம்பிக்கை. பிள்ளைகளுக்குப் பாடம் சொல்கிறவள், இதையெல்லாம் நான் நம்புவேனா? ஆனால் அமாவாசை தவறாமல் கோயில் படித்துறைக்குப் போய், மணலில் கிடக்கும் வெள்ளைக் கற்களைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். இதில் எது அவர் என்று யாரைக் கேட்பது? ஒன்றையும் தொட மாட்டேன். அந்தக் கல்லை எங்கள் ஊரில் யாரும் எடுப்பதில்லை.

பையன் பெயர் ஜெயராஜ். ஈப்போ பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவன். காலையில் என்னைப் பார்த்ததும், "பசியாறிட்டீங்களா அக்கா?" என்பான். சாலையைச் சடக்கு என்பான். அவனுடைய அப்பா கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து கப்பலேறினவராம். ஆசையாசையாய் அந்த ஊரைப் பார்க்கப் போனவன் மறுநாளே திரும்பி வந்தான்.

"அப்பா பேரைச் சொன்னேன்க்கா. யாருக்கும் தெரியல. என் வாட்ச்சை மட்டும் எல்லாரும் பார்த்தாங்க."

அன்றைக்கு அவன் சோறு சாப்பிடவில்லை. நானும் வற்புறுத்தவில்லை. எனக்கே தொண்டையில் இறங்காத காலம் அது.

அதற்குப் பிறகு ஊரைச் சுற்ற ஆரம்பித்தான். வகுப்பு விட்டால் போதும், கால் போன போக்கில் போய்விடுவான். ஜங்ஷனில் திருச்சி வண்டி நிற்பதைப் பார்ப்பான். பெண்ணாடம் பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி நடந்து வருவான். கோயிலில் கோபுரம் அஞ்சு, கொடிமரம் அஞ்சு என்று எண்ணிவிட்டு வந்து எனக்கே சொல்வான். பேச ஆளில்லாதவன் வேறு என்ன செய்வான்? தண்ணீர் வற்றிய ஆற்று மணலில் தனியாக நடக்கிறான் என்று பக்கத்து வீட்டு ஆராயி வந்து சொன்னபோது எனக்குப் பாவமாக இருந்தது.

ஒவ்வொரு நாளும் கிளம்பும்போது, "போறேன்க்கா" என்பான். எனக்கு எரிச்சல் வரும்.

"ஏம்பா, போறேன்னு சொல்லாதன்னு எத்தினி வாட்டி சொல்றது? போயிட்டு வரேன்னு சொல்லு. வெறும போறது பொணம்தான்."

"சரிக்கா, போயிட்டு வரேன்" என்று சிரிப்பான். மறுநாள் மறந்துவிடுவான். என் வீட்டுக்காரர் டியூட்டிக்குக் கிளம்பும்போதெல்லாம் நான் வாசல்வரை போய், "போயிட்டு வாங்க" என்று சொன்னவள். ஆஸ்பத்திரிக்கு வண்டி ஏற்றியபோதும் அதையேதான் சொன்னேன்.

புரட்டாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, காகிதத்தில் சுற்றி ஒரு கோப்பை கொண்டுவந்தான். பால்போல வெள்ளை, பிடி மட்டும் கொஞ்சம் கோணல். அதில் டீ ஊற்றிக் குடிக்கச் சொன்னான். பாதி குடித்தேன்.

"இந்த ஊரு மண்ணு, இந்த ஊரு ஆத்துக் கல்லுக்கா. நானே செஞ்சேன்."

"எந்தக் கல்லு?"

"கோயில் படித்துறையில பொறுக்குனது. அங்கதான் நல்ல வெள்ளைக் கல்லு கெடக்குது. யாருமே எடுக்கல."

"கல்லை என்னா செஞ்ச?"

"சூளையில பழுக்கச் சுட்டுத் தண்ணியில போட்டேன். அப்பதான் உடையும். அப்புறம் அரைச்சு மண்ணுல கலந்தேன்."

கோப்பையைக் கீழே வைத்தேன். அவன் சொல்லும்போது உறிஞ்சிய டீயை விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. அவரை இரண்டாம் தரம் எரித்து அரைத்திருக்கிறான். அவன் கன்னத்தில் அறைய வேண்டும் என்று கை துடித்தது. அறையவில்லை. அந்தக் கல் எங்கள் ஊரில் என்னவென்று சொன்னேன். என் வீட்டுக்காரர் எங்கே இருக்கிறார் என்பதையும் சொன்னேன். அவன் முகம் செத்துப்போயிற்று.

"எனக்குத் தெரியாதுக்கா. மிச்சக் கல்லு சூளையில இருக்குது. இன்னிக்குச் சுடலாம்னு அடுக்கி வெச்சிருக்கேன். எல்லாத்தையும் எடுத்து ஆத்துல போட்டுடுறேன்."

"இன்னும் பத்த வெக்கலையா?"

"இல்லக்கா."

நான் எழுந்து புடவை மாற்றிக்கொண்டு வந்தேன். "வா, நானும் வரேன்" என்றேன். அவன் ஒன்றும் புரியாமல் பின்னால் வந்தான். தெருமுனையில் கோவிந்தராசு நின்றிருந்தார். எங்கே என்று கேட்டார். நான் நிற்கவில்லை.

அவன் படிக்கும் இடத்தில், கொட்டகைக்குள் ஆள் உயரத்துக்கு ஒரு சின்னச் சூளை. கதவைத் திறந்து காட்டினான். தட்டில் வெள்ளைக் கற்கள் கிடந்தன.

"எடுத்துடவாக்கா?"

"வேணாம். மூடு. எப்படிப் பத்த வெப்ப?"

எண்ணெயில் நனைத்த துணியைக் கம்பியில் சுற்றிக் கொளுத்தினான். "இங்க குடு" என்று வாங்கிக்கொண்டேன்.  அவன் காட்டிய சூளை வாயில் நானே வைத்தேன். தீ பிடித்துக்கொண்டது.

சூளைக் கதவில் உள்ளே பார்க்க ஒரு சிறு துளை இருந்தது. கொள்ளி வைத்தவன் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட வேண்டும் என்பார்கள். நான் பார்த்தேன். ஜெயராஜ் ஒரு ஸ்டூல் கொண்டுவந்து போட்டான், நான் உட்காரவில்லை. நேரம் போகப்போகக் கற்கள் சிவந்தன. பொழுது சாய்கிற நேரத்தில் எது கல், எது நெருப்பு என்று தெரியாமல் போயிற்று.

நான் அழுதேன். அவர் செத்த அன்றைக்குக்கூட அப்படி அழவில்லை. பிறகு முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்தத் துளைக்கு நேரே வாயை வைத்துச் சொன்னேன்.

"போங்க."

போயிட்டு வாங்க என்று சொல்லவில்லை.