வான்கோழியின் குளிரை வாங்கியவர்

உறைந்த வான்கோழியின் குளிரை யாராவது ஒருவர் வாங்கிக்கொள்ள வேண்டும். அது தானாக எங்கும் போய்விடாது.

நாள் இருந்தால் கவலையில்லை. ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்துவிட்டால், மூன்று நான்கு நாளில் வீட்டில் உள்ளவர்கள் ஆளுக்குக் கொஞ்சமாக வாங்கிவிடுவார்கள். ஒருவருக்குக் காது மரத்துப்போகும், இன்னொருவருக்குக் குளிக்கப் பிடிக்காது, அவ்வளவுதான். அவசரம் என்றால் வாளித் தண்ணீர். கோழியைப் பாலித்தீன் உறையோடு பச்சைத் தண்ணீரில் அமிழ்த்தி, ஒருவர் அதன் இரண்டு பக்கமும் கையை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும். அரைமணிக்கொரு தடவை தண்ணீரை மாற்ற வேண்டும்.

வெந்நீர் ஊற்றக்கூடாது. குளிர் பயந்து எலும்புக்குள் ஒளிந்துகொண்டு, சாப்பிடுகிறவர் வயிற்றில் வெளிப்படும். வெளியே வைத்துவிட்டுப் போகவும் கூடாது. போன வருஷம் பின்தெருவில் யாரோ மொட்டைமாடியில் வைத்துவிட்டு ஆராதனைக்குப் போய்விட்டார்கள். குளிர் மாடிப்படி இறங்கி அடுத்த வீட்டுத் தொட்டிலுக்குள் போயிற்று. அந்தப் பிள்ளை இன்னும் அழுவதில்லை.

கிறிஸ்துமஸ் காலை நானும் என் கணவர் தவசிங்கும் கோயிலிலிருந்து வீட்டுக்குள் நுழையும்போது போன் அடித்தது.

"ஜெயசீலி, நான் ஆசீர் அத்தான். தூத்துக்குடிக்கு வந்து இறங்கிட்டேன். அப்பா கல்லறைக்குப் போயிட்டு மத்தியானம் வீட்டுக்கு வாறேன். சாயங்கால வண்டிக்கே மெட்ராஸ் திரும்பணும். தம்பி இருப்பானா?"

"இருப்பாங்க அத்தான்."

"வான்கோழி உண்டுமா?"

"உண்டு அத்தான்."

ஆசீர் அத்தான் என் கணவரின் அண்ணன். மாமனாரின் அடக்கத்தன்று எந்தப் பாட்டைப் பாடுவது என்று அண்ணன் தம்பிக்குள் சண்டை வந்தது. இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. குழிமேட்டில் நின்று ஒரே நேரத்தில் ஆளுக்கொரு பாட்டைப் பாடி முடித்தார்கள். அதன்பிறகு பேச்சில்லை.

வான்கோழி இல்லாத கிறிஸ்துமஸ் வீட்டில் எங்கள் பக்கத்தில் யாரும் கை நனைக்க மாட்டார்கள். கை நனைக்காத வீட்டில் சமாதானம் பேச முடியாது. கோழி இருந்தது. ஆனால் கிறிஸ்துமஸுக்கு யாரும் வருவதாக இல்லாததால் புதுவருஷத்துக்கென்று வாங்கியது. ஃப்ரீசரிலிருந்து எடுத்துத் தட்டிப் பார்த்தேன். கதவைத் தட்டுவதுபோல் சத்தம் வந்தது.

தவசிங் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.

"நான் வாங்குதேன்" என்றேன். "உங்களுக்குப் பேச வேண்டியது கிடக்கு."

"நீ வாங்கினா யார் சமைக்கிறது? மரத்த கையால அரைச்ச மசாலா கறியில ஒட்டாது."

"அப்போ முழங்கை வரைக்கும் வாங்கிட்டு நிறுத்திடுங்க."

"பாதி இளகின கோழியையா அண்ணாச்சிக்குப் போடுறது?"

வாளியை நிரப்பிக் கொடுத்தேன்.

குளிர் ஏறும்போது அவர் அண்ணனிடம் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, அன்னைக்கு நீங்க சொன்ன பாட்டையே பாடியிருக்கலாம், நான்தான் வீம்புக்கு நின்னுட்டேன்." நான் வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டேன். நன்றாக இருந்தது. முதல் தண்ணீர் மாற்றும்போது அவர் நகங்கள் நீலமாக இருந்தன. அடுத்த தண்ணீருக்கு, "அண்ணாச்சி, நீங்க சொன்ன பாட்டையே பாடியிருக்கலாம்" என்றார். வீம்பு போய்விட்டது. அதற்கடுத்த தண்ணீருக்குத் தோள் விறைத்திருந்தது. "அண்ணாச்சி, பாட்டு" என்றார். நான் அவருடைய முகத்தைத் துண்டால் துடைத்தேன். துண்டு அங்கேயே ஒட்டிக்கொண்டது, மெதுவாகப் பிய்த்தெடுத்தேன்.

"போதும், எழுந்திருங்க."

"அண்ணாச்சி" என்றார். பிறகு அதுவும் இல்லை.

அவருடைய விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிக் கோழியை எடுத்தேன். வயிற்றுக்குள் கைவிட்டுப் பார்த்தேன். ஐஸ் இல்லை. நன்றாக இளகியிருந்தது. இளகியது மட்டுமல்ல, சூடாகவும் இருந்தது. என் கணவரின் பிடரியில் கைவைத்தால் இருக்குமே, அந்தச் சூடு. குளிரைக் கொடுத்த கோழி வேறு எதை வாங்கியிருக்கும்?

சற்று நேரம் அதை மடியில் வைத்துக்கொண்டிருந்தேன். ஆனால் தண்ணீரில் இளக்கிய கோழியை உடனே சமைத்தாக வேண்டும். வைத்திருந்தால் கெட்டுவிடும். வெட்டிக் கழுவி, பெரிய சட்டியில் போட்டு மூடினேன். மூடிய பிறகு அடுப்பின் முன்னால் உட்கார்ந்து அழுதேன். கறி கொதித்தது.

ஆசீர் அத்தான் வந்தார். செருப்பில் கல்லறைத் தோட்டத்துச் செம்மண். வாளியருகே நாற்காலியில் இருந்த தம்பியைப் பார்த்தார்.

"வாங்கிட்டானா?"

"ஆமா அத்தான்."

"முழுசையுமா?"

"முழுசையும்."

அவர் எதிரே ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "தம்பி, நீ சொன்ன பாட்டுதான் அப்பாவுக்குப் பிடிச்ச பாட்டு. எனக்கு அன்னைக்கே தெரியும்" என்றார். தவசிங்கின் மீசையில் வெள்ளை படிந்திருந்தது. அத்தான் பதிலுக்குக் காத்திருந்தார். சோறு ஆறிக்கொண்டிருந்ததால் நான் இலை போட்டேன்.

அவர் கை நனைத்தார். நெஞ்சுக்கறியைச் சாப்பிடும்போது நெற்றி வியர்த்தது. மறுசோற்றுக்கு வாட்சைக் கழற்றி டிவி மேல் வைத்தார். தவசிங் வைக்கும் இடம் அதுதான். கால்கறிக்கு வந்தபோது, "சீலி, மோட்டார் போட்டியா?" என்று கேட்டார்.

"போட்டாச்சு" என்றேன்.

கை கழுவிவிட்டு வாசலை எட்டிப் பார்த்தார். "அண்ணாச்சி இன்னும் வரலையா? அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். அன்னைக்கு அவங்க சொன்ன பாட்டையே பாடியிருக்கலாம், நான்தான் வீம்புக்கு நின்னுட்டேன்."

"கல்லறைக்குப் போயிருக்காங்க. வருவாங்க" என்றேன்.

அவர் வாசலிலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

சாயங்கால வண்டிக்கு ஆசீர் என்ற பெயரில் டிக்கெட் இருந்தது. வாசலில் இருப்பவர் தன்னைத் தவசிங் என்கிறார். போவதற்கு மீதி இருந்தது ஒருவர்தான். ஆட்டோக்காரர் கால் பக்கம் பிடித்தார், நான் தோளைப் பிடித்தேன். வாசலைக் கடக்கும்போது அவர் எழுந்து எங்களுக்கு வழிவிட்டார். நாற்காலியில் மறுபடி உட்கார்ந்து, தெருமுனையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேபல் அக்கா சென்னையிலிருந்து போன் செய்தாள். ஆசீர் அத்தானின் மனைவி.

"அவங்க கிளம்பியாச்சா?"

"கிளம்பியாச்சு அக்கா."

"ஏசிதானே? வழியில வெயில் படாம பார்த்துக்கோ."

பிளாட்பாரத்தில் வண்டி நின்றிருந்தது. ஏசி பெட்டிக்குள் ஏறினேன். எல்லா இருக்கைகளிலும் ஆண்கள் முதுகு நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார்கள், மீசையில் வெள்ளை, கைகள் எதையோ பிடித்திருப்பதுபோல் நீட்டியபடி. எங்கள் இருக்கையில் யாருடைய கணவரின் முழங்கையோ நீண்டிருந்தது. அவரைச் சற்று நகர்த்தி இவரை உட்கார வைத்தேன். பக்கத்தில் ஒரு பெண் தன் கணவரின் புருவத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க கோழி எத்தனை கிலோ?" என்று கேட்டாள்.

"ஏழு."

"எங்களுது ஒன்பது" என்றாள்.

விசில் ஊதினார்கள். நாங்கள் இருவரும் இறங்கிக்கொண்டோம்.