அன்னார் துடுப்பு வலித்த அத்தியாயம்

நான் ஒரு நாவல் எழுதி முடித்துவிட்டேன், அதைப் புத்தகமாக்க ஊர்காவற்றுறையில் ஒரு முகவரைப் பார்க்கப் போகிறேன் என்று வீட்டில் சொன்னபோது, அப்பா கேட்ட முதற் கேள்வி, "எந்த நாட்டுக்கு?" எங்கள் பக்கத்தில் முகவர் என்றால் ஆட்களை விமானத்தில் ஏற்றிவிடுகிறவர். காகிதத்தை அச்சேற்றிவிடுகிற முகவரும் உண்டு என்று விளக்கியதும் அப்பாவின் முகத்தில் அதுவரை இருந்த மரியாதை வடிந்துபோனது.

பிரதாபன் அண்ணையின் கடை இறங்குதுறைக்குப் போகும் வழியில் இருந்தது. கண்ணீர் அஞ்சலிப் பதாகை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி நினைவுமலர், போட்டோப் பிரதி, போனுக்குக் காசு போடுதல் என்றெல்லாம் எழுதி, பலகையில் மிச்சமிருந்த இடத்தில் 'இலக்கிய முகவர்' என்றும் எழுதியிருந்தார். என் கையெழுத்துப் பிரதியை அவர் திறக்கவில்லை. கையில் தூக்கிப் பார்த்து, பாரம் காணும், இவ்வளவு போதும் என்றார்.

பிறகு ஆலோசனை தொடங்கியது. நாவலாசிரியர்கள் விடும் பெரிய பிழை, பதிப்பாளரைத் தேடுவதாம். பதிப்பாளர் உயிரோடு இருப்பவர்; உயிரோடு இருப்பவர்கள் யோசிப்பார்கள். அதைவிடப் பிழை வெளியீட்டு விழா. விழாவுக்கு வருகிறவர்கள் பேச வருகிறவர்கள். பேசிவிட்டு அவர்கள் போய்விட, புத்தகம் எழுதியவனுடைய அலுமாரிக்கே திரும்பி வந்துவிடும்.

"தீவுப்பகுதியிலை ஒரு புத்தகம் மிச்சமில்லாமல் போறது முப்பத்தோராம் நாளிலை மட்டும்தான்," என்றார். "சாப்பிட்டுக் கை கழுவினவன் வாங்காமல் போகேலாது. வாங்கினதை எறியவும் ஏலாது, உள்ளுக்குச் சாமிப்படம் இருக்கும். உமக்கு வேண்டியது பதிப்பாளர் இல்லைத் தம்பி, ஒரு செத்தவீடு."

செத்தவீடு எங்கள் ஊர் மடத்துவெளியிலேயே கிடைத்தது, எங்கள் ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில். ஆழ்வாப்பிள்ளை கொழும்பில் நீண்டகாலம் கடை வைத்திருந்தவர். ஊருக்குத் திரும்பி வந்து, யாரோடும் அதிகம் பேசாமல் இருந்து, யாருக்கும் தொந்தரவு கொடுக்காமல் இறந்துபோனார். தேவாரம், படம், பரம்பரை எல்லாம் போட்டும் அவருடைய நினைவுமலர் பன்னிரண்டு பக்கத்தைத் தாண்டவில்லை. போன வருடம் பக்கத்து வீட்டுக்காரருக்கு எண்பது பக்கம் அடித்திருந்தார்கள். கனடாவில் இருந்த மகள் அஜந்தா அக்காவுக்கு அப்பா போன துக்கத்தோடு இந்தத் துக்கமும் சேர்ந்துகொண்டது. பிரதாபன் அண்ணை அவருக்குப் போன் எடுத்து, அப்பாவின் வாழ்க்கையைக் கொஞ்சம் இலக்கியமாக எழுதி ஒரு பெடியன் வைத்திருக்கிறான் என்றார். அக்கா எத்தனை பக்கம் என்று கேட்டார். இருநூறு என்றதும் வேறொன்றும் கேட்கவில்லை.

என் நாயகன் கெங்காதரன் குறிகட்டுவானில் வள்ளம் ஓட்டுகிறவன். நாவலைக் கணினியில் தட்டச்சுச் செய்து முடித்ததும், ஒரு பொத்தானை அழுத்த அவன் ஆழ்வாப்பிள்ளை ஆனான். இன்னொரு பொத்தானை அழுத்த 'அவன்' எல்லாம், மரண அறிவித்தல்களில் வருகிற 'அன்னார்' ஆனது. அன்னார் வேலி பாய்ந்தார். அன்னார் அவள் கூந்தலை முகர்ந்தார். நினைவுமலரில் கள்ளு கூடாது என்பதால் அதை நெல்லிரசமாக்கினோம். ஐந்தாம் அத்தியாயத்தில் அன்னார் நெல்லிரசம் குடித்துவிட்டுத் தள்ளாடி வந்து குழிக்குள் விழுந்தார்.

அக்காவிடமிருந்து வந்த ஒரேயொரு அபிப்பிராயம் ஒன்பதாம் அத்தியாயம் பற்றியது. நான் திரும்பத் திரும்ப எழுதியது அந்த அத்தியாயத்தைத்தான். நயினாதீவுத் திருவிழாவுக்குப் போக மனைவி ஆசைப்படுகிறாள். கடைசி லாஞ்ச் போய்விட, நாயகன் தன் சிறு வள்ளத்தில் அவளை ஏற்றித் துடுப்பு வலிக்கிறான். நடுக்கடலில் அவள் நித்திரையாகிவிடுகிறாள். எழுப்ப மனமில்லாமல் வலிப்பதை நிறுத்திவிட்டு அவன் காத்திருக்கிறான், திருவிழா முடிந்துவிடுகிறது. அப்பாவுக்குக் கடலைக் கண்டாலே வயிற்றைப் பிரட்டிச் சத்தி வரும், நயினாதீவு அம்மனைக்கூடக் குறிகட்டுவான் கரையில் நின்றபடிதான் கும்பிடுவார் என்று அக்கா குரல்பதிவு அனுப்பியிருந்தார். கடைசியில், "ஆனா கேக்க வடிவாயிருக்கு, அப்பிடியே இருக்க விடுங்கோ," என்றார்.

புத்தகம் அச்சாகி வந்தது. அட்டையில் அன்னாரின் படம் இருந்தது. என் பெயரை உள்ளே தேடினேன். கடைசிப் பக்கத்து நன்றி நவிலலில், பந்தல் போட்டவருக்கும் தண்ணீர் பவுசர் வண்டி தந்தவருக்கும் நடுவில், 'தட்டச்சு உதவி: சுலக்சன்' என்று இருந்தது.

எனக்குக் காசு வேண்டாம், இதை எழுதியவன் நான்தான் என்று நாலு பேர் அறிந்தால் போதும் என்று பிரதாபன் அண்ணையிடம் சொன்னேன். செத்தவரின் மலரில் உயிரோடு இருப்பவன் தலை நீட்டக்கூடாது, அது தொழில் தர்மம் என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் இறங்கி வந்தார். முப்பத்தோராம் நாள் மைக் அவர் கையில்தான் இருக்கும். இது சுலக்சன் கற்பனையாக எழுதிய நாவல் என்று பந்தலில் வைத்து அறிவிக்க அவர் தயார். "ஆனால் பெண்சாதிக்காரியின்ரை வாயாலை ஓமெண்டு வாங்கிக்கொண்டு வாரும்."

முப்பத்தோராம் நாளன்று சோறு சுணங்கியதால் புத்தகத்தை முன்னுக்கே கொடுத்துவிட்டார்கள். பந்தலுக்குக் கீழே ஊரே வாசித்துக்கொண்டிருந்தது. பசியில்தான் என்றாலும் வாசிப்பு வாசிப்புத்தானே. இவ்வளவு அமைதியான மனுசனுக்குள் இவ்வளவு இருந்ததா என்று ஒருவர் அதிசயித்தார். நெல்லிரசத்துக்கே இந்தப் பாடென்றால், என்று மற்றவர் தொடங்கி, வீட்டுக்காரரைக் கண்டு நிறுத்தினார். இவர்கள் எல்லோரும் என் பெயரை அறிய இன்னும் ஒரு 'ஓம்' தான் பாக்கி.

ஆழ்வாப்பிள்ளையின் மனைவி சிவக்கொழுந்து மாமி உள்ளே கதிரையில் இருந்தார். பெறாமகள் அவருக்குப் புத்தகத்தை முழுதாக வாசித்துக் காட்டியிருந்தாளாம். நான் ஒன்பதாம் அத்தியாயத்திலிருந்து விடயத்துக்கு வருவோம் என்று வாயெடுத்தேன்.

"அந்த வள்ளத்திலை போன கதையோ?" என்றார் மாமி. "ஓம், நான் நித்திரைதான். பிறகு அவர் துடுப்பைத் தூக்கி மடியிலை வைச்சவர். அதிலையிருந்து தண்ணி சொட்டுச் சொட்டா என்ரை காலிலை விழுந்தது. முழிச்சிட்டன். ஆனா முழிச்ச மாதிரிக் காட்டேல்லை. காட்டியிருந்தா வலிக்கத் தொடங்கியிருப்பர்."

துடுப்பிலிருந்து சொட்டிய தண்ணீர் என் நாவலில் இல்லை. ஒரு வருடமாக அந்த வள்ளத்துக்குள்ளேயே குந்தியிருந்த எனக்கு அது தோன்றவில்லை.

மாமி கொஞ்சம் முன்னுக்குச் சாய்ந்தார். "அவர் ஆரோடையும் கதைக்கிறேல்லைத் தம்பி. என்னோடையும்தான். உம்மட்டை எல்லாம் சொன்னவரோ?"

வெளியே பிரதாபன் அண்ணை மைக்கைத் தட்டிப் பார்க்கும் சத்தம் கேட்டது.

"ஓம் மாமி," என்றேன். "பின்னேரங்களிலை சொல்லுவார்."

"என்னைப்பற்றி வேறை என்ன சொன்னவர்?"

இருந்து சொன்னேன். அத்தியாயக் கணக்கில் மூன்று வரும். வெளியே வந்தபோது பிரதாபன் அண்ணை மைக்கோடு என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார். தலையை ஆட்டி வேண்டாம் என்றேன். அவர் தண்ணீர் பவுசருக்கு நன்றி சொல்லிவிட்டு அடுத்த பந்திக்கு ஆட்களைக் கூப்பிட்டார்.

நானும் சாப்பிட்டுக் கை கழுவினேன். படலையில் நின்ற உறவுக்காரர் ஒருவர் என் கையிலும் ஒரு பிரதியை வைத்தார்.

"கட்டாயம் வாசியும் தம்பி," என்றார். "நீங்கள் எழுதுற கதையள் மாதிரி இல்லை. நடந்தது."