லுனிங்னிங்கின் குரல் போன இடங்கள்

சான் ரோக்கே ஊர்மன்றத்தில் பேசிவிட்டு வெளியே வந்தபோது லுனிங்னிங்கின் குரல் அவளிடம் இல்லை. மீன்காரர் ஹெர்மோவிடம் இருந்தது. லுனிங்னிங் சந்தை முனையில் அழகுநிலையம் வைத்திருந்த திருநங்கை. ஒருவர் யாராக இருந்தாலும், யாரை விரும்பினாலும், அதற்காக அவரை வேலையை விட்டோ வாடகை வீட்டை விட்டோ துரத்தக்கூடாது என்று ஊர்ச்சட்டம் கேட்டுத்தான் அன்று பேசினாள். பழைய படகு மோட்டார் மாதிரி கரகரத்த குரல் அது. யார் வாயிலிருந்து வந்தாலும் ஊருக்கே அடையாளம் தெரியும். மறுநாள் ஹெர்மோ பால்மீன் வெட்டிக்கொண்டே அந்தக் குரலில், "மாடியில என்கூட இருக்கிறவர் சித்தப்பா மகன் இல்ல, என் வாழ்க்கைத்துணை" என்றார். மீன் வாங்க வந்தவள், "அது தெரியாமலா இருக்கோம்? செதிலை ஒழுங்கா எடுங்க" என்றாள்.

சொல்லிப் பழகியதும் ஹெர்மோவுக்குச் சொந்தக் குரலிலேயே சொல்ல வந்துவிட்டது. அந்தக் குரல் அவரை விட்டு ஒரு பள்ளி ஆசிரியைக்கும், பிறகு மூன்றுசக்கர வண்டி ஓட்டும் ஒருத்திக்கும் போயிற்று. உள்ளே எதையோ அடக்கி வைத்திருந்தவர்களிடம் மட்டுமே அது தங்கியது. லுனிங்னிங் அதைத் தேடிப் போகவில்லை. அது தங்கியவர்கள் கடைக்கு வந்தால் அவர்களை முடி உலர்த்தும் யந்திரத்தின் கீழே உட்காரவைத்து, அந்த இரைச்சலையும் மீறிப் பேசப் பழக்கினாள். தான் சொல்ல வேண்டியதைக் கண்ணாடியில் உதட்டுச்சாயத்தால் எழுதுவாள்: "இன்னும் சத்தமா."

ஊர்த்தலைவி பசிலிசா வருடாவருடம் அந்தச் சட்டத்தின் வாக்கெடுப்பைத் தள்ளிப்போட்டாள். மே மாத மலர் ஊர்வலத்தில் ராணி வேடமிட்டுப் பூவளைவின் கீழே நடக்கும் பெண்களுக்கு உடை தைத்து, பொட்டு பொட்டாக மணி கோத்து, தரையில் புரளாமல் ஓரம் பிடித்து நடப்பது லுனிங்னிங்கைப் போன்ற அழகுநிலையத் திருநங்கைகள்தான். "தைக்கிறது நீங்க, பூவளைவுக்கு அடியில நடக்கிறது எங்க பொண்ணுங்க. அதுல என்னடி குறை?" என்பாள் பசிலிசா. கடைசியில் வாக்கெடுப்பு வந்தபோது, குரல் இல்லாதவளுக்கு மன்றத்தில் பேச்சு கிடையாது என்று லுனிங்னிங்கை வெளியே நிறுத்தினாள்.

பசிலிசா செய்த தவறு அதுதான். உலர்த்தும் யந்திரத்தின் கீழே பழகியவர்கள் எல்லாரும் உள்ளே போனார்கள். தத்தம் குரலில், சிலர் விக்கி, சிலர் அழுது, ஆனால் நிறுத்தாமல் பேசினார்கள். வாக்குகள் சரிபாதியாக நின்றன. தலைவியின் வாக்குதான் முடிவு. பசிலிசா "கூடாது" என்று சொல்ல வாயைத் திறந்தாள். அவள் வாயில் படகு மோட்டார் கரகரத்தது.

"என் மகன் ஹொசுவே மணிலாவுக்கு வேலை தேடிப் போகல. ஒரு பையனை விரும்பினான்னு நான்தான் துரத்தினேன். வீட்டுக்கு வரச் சொல்லுங்க யாராவது."

பின் வரிசையிலிருந்து ஹெர்மோ சொன்னார்: "நீங்களே கூப்பிடுங்க தலைவியம்மா. இப்போ குரல் இருக்கே."

பசிலிசாவின் வாக்கோடு சட்டம் நிறைவேறியது. அடுத்த மே மாதம் லுனிங்னிங் பூவளைவுக்கு அடியில் நடந்தாள். ஊருக்கு வந்திருந்த ஹொசுவே அவள் உடையின் ஓரத்தைப் பிடித்து வந்தான். குரல் அவளிடம் திரும்பவில்லை. ஊர்வலத்துக்கு மறுநாள் அது ஜீப்னி வண்டி ஏறி அடுத்த ஊருக்குப் போயிற்று. ஓட்டுநர் கட்டணம் கேட்கவில்லை. இப்போது அந்தப் பக்கமிருந்து காற்று வீசினால், சந்தையில் இருப்பவர்கள் "நம்ம லுனிங்னிங் அங்க பேசுறா" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்க்கிறார்கள். கண்ணாடியில் அவள் எழுதுவதைக் கடையில் இருப்பவர் யாராவது சத்தமாக வாசித்துவிடுகிறார்கள்.