தண்ணீரில் கண்டம்

என் கணவர் ராஜவேலுக்கு நீச்சல் தெரியாது. லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இது தெரிந்த ஒரே ஆள் நான்தான். மற்றவர்களுக்கு அவர் தூத்துக்குடிக்காரர், அதாவது கடலிலேயே பிறந்து வளர்ந்தவர். டெல்லித் தமிழர்களுக்கு மதுரை என்றால் மல்லிகை, தூத்துக்குடி என்றால் கடல். அவ்வளவுதான் அவர்களுடைய பூகோளம். இவரும் மறுக்கவில்லை. "அலைன்னா எங்களுக்கு ஊஞ்சல் மாதிரில்லா" என்று ஆபீஸ் முழுக்க உதார் விட்டு வைத்திருந்தார்.

உண்மை வேறு. இவர் பிறந்தபோதே ஜோசியர் தண்ணீரில் கண்டம் என்று சொல்லிவிட்டார். அதனால் என் மாமியார் மகனைக் கடற்கரைப் பக்கமே அனுப்பியதில்லை. கிணற்றை எட்டிப் பார்க்கவும் விட்டதில்லை. எங்கள் மகள் ஷ்ரேயாவின் ஜாதகத்திலும் அதே கண்டம் இருக்கிறதாம். அவளுடைய பள்ளிக்கூடத்து நீச்சல் வகுப்பை மாமியார் தூத்துக்குடியிலிருந்து போனிலேயே நிறுத்திவிட்டார். நான் போட்ட சண்டையெல்லாம் வீண்.

2003 கோடை லீவில் குவார்ட்டர்ஸ் கூட்டமொன்று தூத்துக்குடிக்குப் போய், துறைமுகத்தை ஒட்டிய முயல்தீவைக் கயாக்கில் சுற்றிவருவதாகத் திட்டம் போட்டது. கயாக் என்பது துடுப்புப் போடுகிற ஒல்லிப் படகு. ஏற்பாடெல்லாம் பக்கத்து பிளாக் ஷ்ரவணுடையது. டெல்லியிலேயே பிறந்தவன், வேலைக்குப் போகிறவன். தலைவர் யார்? வேறு யார், இவர்தான். ஏப்ரல் மாத ஞாயிறு ஒன்றில் யமுனையில் ஒத்திகை வைத்தார்கள். வஜீராபாத்துக்கு மேலே ஆற்றின் நடுவில் இருந்த மணல்திட்டைத்தான் தீவு என்று நினைத்துச் சுற்ற வேண்டும்.

"இப்பவாவது நீச்சல் தெரியாதுன்னு சொல்லிருங்க" என்றேன் கிளம்பும்போது.

"சும்மா இரு. எல்லாவனும் சிரிப்பானுவ."

கரையில் ஷ்ரவண் லைஃப் ஜாக்கெட்டை நீட்டினான். இவர் வாங்கிப் படகுக்குள் போட்டார். "கடல்காரனுக்கு எதுக்குப்பா இது?" எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளையை என்னோடு வைத்துக்கொள்ளலாம் என்று திரும்பினால், "நான் அப்பாகூட!" என்று ஷ்ரேயா ஏறி உட்கார்ந்தாயிற்று. அப்பா பக்கத்தில் இருந்தால் அவளுக்கு எதற்கும் பயமில்லை. நல்லவேளை, அவளாவது ஜாக்கெட் போட்டிருந்தாள். நான் ஷ்ரவணின் கயாக்கில் ஏறி அவர்களுக்குப் பின்னாலேயே போனேன்.

திட்டின் மறுபக்கம் போனதும், பின்னால் வருகிறவர்களுக்குக் கையாட்ட இவர் படகிலேயே எழுந்து நின்றார். கயாக் புரண்டது.

ஷ்ரேயா உடனே மிதந்து மேலே வந்தாள். இவர் கைக்குக் கிடைத்ததைப் பிடித்தார். கிடைத்தது அவள்தான். தோளைப் பற்றி, தான் மேலே வர அவளை அமுக்கினார். அவள் தலை உள்ளே போயிற்று, வெளியே வந்தது, மறுபடி உள்ளே போயிற்று.

"அப்பா, சோடோ! சோடோ!"

விடுங்கள் என்று தமிழில் சொல்ல அவளுக்கு அப்போது வரவில்லை. சொல்லியிருந்தாலும் இவர் விட்டிருக்கமாட்டார். நான் என்ன கத்தினேன் என்று எனக்கே தெரியாது.

ஷ்ரவண் குதித்தான். குதித்தவன் நின்றான். தண்ணீர் அவன் மார்புவரைதான் இருந்தது.

"அங்கிள், நில்லுங்க! கடே ஹோ ஜாவோ! காலைக் கீழ வைங்க!"

எதுவும் இவர் காதில் ஏறவில்லை. ஷ்ரவண் ஒவ்வொரு விரலாகப் பிரித்துத்தான் என் பிள்ளையை மீட்டான். அதற்குப் பிறகு இவருடைய காலும் மணலைத் தொட்டது. எழுந்து நின்று இருமினார். அத்தனை பேரும் பார்த்தார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை.

சாயங்காலம் அம்மாவுக்குப் போன் போட்டு, பாதியை விழுங்கிப் பாதியைச் சொன்னார். மாமியாரின் குரல் எனக்கே கேட்டது.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா! எப்படியோ கண்டம் கழிஞ்சிட்டு. பிள்ளையாருக்கு ஒரு தேங்கா ஒடைச்சிருங்க."

அப்போதுதான் இவர் முகத்துக்கு உயிர் வந்தது. யாருக்குக் கழிந்தது என்று கேட்க வாய்வரை வந்தது எனக்கு. பிள்ளை முன்னால் வேண்டாம் என்று தேங்காய்க்குப் பையை எடுத்தேன்.

தேங்காய் வாங்கிக்கொண்டு, கோயிலுக்குப் போக லோதி ரோட்டைக் கடக்க நின்றோம். பஸ்கள் பறந்தன. இவர் எப்போதும்போல் கையை நீட்டினார். நடக்கத் தெரிந்த நாள்முதல் ஷ்ரேயா அந்தக் கையைப் பிடித்துத்தான் இந்த ரோட்டைக் கடப்பாள்.

அவள் அந்தக் கையைப் பார்த்தாள். என் முதுகுக்குப் பின்னால் சுற்றிவந்து, மறுபக்கம் நின்று என் புடவையைப் பிடித்துக்கொண்டாள்.

சிக்னல் விழுந்தது. இவர் தேங்காய்ப் பையை அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.