தண்ணீர்ப் படி

"காலை எடுத்து வையுங்கோ அண்ணை. பலகை ஆடாது," என்றாள் புஸ்பராணி. ஒரு கையில் தமையனின் முழங்கை, மறு கையில் சாப்பாட்டுப் பை. பத்திநாதர் பலகையைப் பார்க்கவில்லை, படகைத்தான் பார்த்தார். சாம்பல் நிறத் தொப்பியைக் கலியாண வீட்டுக்குப் போகிறவர்போலச் சரித்து வைத்திருந்தார்.

ஆஸ்பத்திரி ஜன்னலுக்குக் கீழே கால்வாய் ஓடியது. கட்டிலில் கிடந்த வாரங்களில் அவருக்கு இருந்த ஒரே புதினம் அது. படகு ஒரு தொட்டிக்குள் வரும். முன்னும் பின்னும் கதவைச் சாத்துவார்கள். தண்ணீர் நிரம்ப, படகு மெல்ல எழும்பும். பிறகு முன்கதவு திறக்கும், ஒன்றுமே நடக்காததுபோல் படகு போய்விடும். தண்ணீர் படியேறுகிறது என்று வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். கடைசிக் கதவு மட்டும் ஜன்னலில் இருந்து தெரியாது. அதற்கு அங்கால் என்ன இருக்கிறதென்று பார்க்காமல் போகமாட்டேன் என்றார். எங்கே போவது என்று யாரும் கேட்கவில்லை. அவருடைய இதயம் இனி நெடுநாள் தாங்காது என்று டாக்டர் புஸ்பராணியிடம் சொல்லியிருந்தார். தாதி ஜெர்மேன்தான் டாக்டரோடு வாதாடி, இருட்ட முதல் திரும்பவேண்டும் என்று ஒரு நாள் வாங்கித் தந்தாள்.

பைக்குள் எட்டிப் பார்த்த பத்திநாதர் சிரித்தார்.

"இதென்ன பிள்ளை, மடுக் கோயில் திருவிழாவுக்கோ போறம்? படகு தாழப்போகுது."

விடியமுன் எழும்பி, தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில், தன் அறையின் ஒற்றை அடுப்பில் ஒரு பஸ் நிறையச் சனத்துக்குச் சமைத்திருந்தாள். பயணம் என்றால் அவளுக்கு அப்படித்தான் சமைக்கத் தெரியும். பக்கத்தில் இருப்பவர் பார்த்திருக்கச் சாப்பிடக்கூடாது. வாழையிலை இல்லை, அலுமினியத் தாளில் சோற்றையும் மீன் குழம்பையும் கட்டியிருந்தாள்.

படகு முதலில் தெருவுக்கு அடியில் குகைபோல இருந்த இருட்டுக்குள் போனது. பத்திநாதர் சிலுவை போட்டுக்கொண்டு, உடனேயே "ஓய்" என்று கூப்பிட்டார். குகை திருப்பிக் கூப்பிட்டது. பின்னால் இருந்த பிரெஞ்சுக்காரக் கிழவியும் கூப்பிட்டாள். வெளியே வரும்போது படகு முழுக்கக் கூச்சலாக இருந்தது.

முதல் கதவடியில் அவர் தொப்பியைத் தூக்கி, கதவு திறப்பவருக்கு மெர்சி என்று நன்றி சொன்னார். ஒரு பார்சலும் கொடுக்கச் சொன்னார். அந்த மனிதர் அதை மணந்து பார்த்துவிட்டு, தன் தொப்பியையும் தூக்கினார். அதன்பிறகு ஒவ்வொரு கதவிலும் அதுதான் நடந்தது. கிழவிக்கு ஒன்று, அவள் புருஷனுக்கு ஒன்று, படகோட்டிக்கு ஒன்று. கிழவி கையால் சாப்பிடப் பழகி, உறைப்பில் மூக்கைத் துடைத்தாள். மனிசன் இனி அவளை லா சப்பலில்தான் தேடவேண்டும் என்று பத்திநாதர் தமிழிலேயே பகிடி விட்டார். விளங்காமலே எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசிக் கதவடிக்கு வந்தபோது அவருடைய மூச்சு சின்னதாகியிருந்தது. திரும்பிவிடுவோமா என்று புஸ்பராணி கேட்டாள். அவர் வேண்டாம் என்று தலையை ஆட்டினார். பையில் ஒரு பார்சல் மிஞ்சியிருந்தது.

"கதவு திறக்கிறவருக்குக் குடு."

"அது உங்கடை பார்சல் அண்ணை. நீங்கள் இன்னும் சாப்பிடேல்லை."

"எனக்கு வயிறு நிறைஞ்சிட்டுது பிள்ளை. குடு."

அவள் படகின் முனைக்குப் போய்க் கொடுத்தாள். தண்ணீர் எழும்பியது. கதவு இரண்டாகப் பிரிய, குளம்போல அகன்ற தண்ணீர், அதன்மேல் முழு வெயில். எல்லாரும் கை தட்டினார்கள்.

"பாத்தீங்களே அண்ணை?" என்று திரும்பினாள்.

தொப்பி மடியில் விழுந்திருந்தது. முகம் கதவுப் பக்கமாகவே இருந்தது, வாயோரம் கொஞ்சம் திறந்து, சிரிக்கத் தொடங்கியதுபோல. பக்கத்தில் இருந்து கையைப் பிடித்தாள். சூடாகத்தான் இருந்தது. ஆனால் அது அவள் கையைத் திருப்பிப் பிடிக்கவில்லை.

படகோட்டியைக் கூப்பிட வாய் எடுத்தாள். கிழவி தாளில் ஒட்டிய கடைசிச் சோற்றை வழித்துக்கொண்டிருந்தாள். புருஷன் ஏதோ பாடத் தொடங்கியிருந்தார். கரை கிட்டத்தான் இருந்தது. புஸ்பராணி அண்ணனின் கண்களைத் தடவி மூடி, முழங்காலில் போர்த்தியிருந்த போர்வையை நெஞ்சுவரை இழுத்துவிட்டாள்.

படகு கரை சேர்ந்தது. அவர் நித்திரை என்று நினைத்து, ஒவ்வொருவரும் குனிந்து, குரலைத் தாழ்த்தி விடைசொல்லி இறங்கினார்கள்.

அவள் அண்ணனின் மடியிலிருந்த தொப்பியை எடுத்து, ஒவ்வொருவருக்கும் கொஞ்சம் தூக்கிக் காட்டினாள்.