பத்துச் சிவப்புக் குடைகள்

ஜப்பான்காரர்கள் முறையில் பலகையில் படம் செதுக்கி அச்சடிப்பவள் அண்ணி. கூட நின்று தாள் பிடிப்பவள் நாத்தனார். கண்ணுகளா, இந்த வேலையில் நிறத்துக்கு ஒரு பலகை. ஒவ்வொரு பலகையின் மூலையிலும் சின்னதாக ஒரு வெட்டு இருக்கும். ஈரத் தாளின் மூலையை அதில் பொருத்தினால்தான் நிறத்தின்மேல் நிறம் ஒழுங்காக உட்காரும்.

கண்காட்சிக்கு ஒரே மாதிரி பத்துப் படம், அன்று மாலை ஐந்துக்குள் கொடுக்க வேண்டும். போன வருடம் நிறம் விலகியிருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். இந்த முறை பன்னிரண்டு தாளில் மழை, தெரு, நடந்துபோகும் பெண் எல்லாம் அச்சாகிவிட்டன. பாக்கி அவள் குடையின் சிவப்புதான். சாப்பிட்டுவிட்டு வந்து அடித்தார்கள்.

முதல் தாளில் சிவப்பு கோட்டைத் தாண்டி நின்றது. இரண்டாவதிலும் அப்படியே. இனி இருப்பது பத்தே தாள்.

"குடை ஒரு பக்கம் போகுது, அவ ஒரு பக்கம் போறா. நனைஞ்சிடுவா அண்ணி."

"வாய மூடுடி. மூலை வெட்டுலதான் தப்பு. கொஞ்சம் சீவிட்டா சரியாயிடும்." அண்ணி உளியை எடுத்தாள்.

நாத்தனார் பலகைமேல் கையை வைத்துவிட்டாள். "முதல்ல என் விரலச் சீவுங்க. நேத்து சரியா இருந்த வெட்டு இன்னிக்கு எந்திரிச்சு நடந்தா போச்சு?"

சொல்லிக்கொண்டே ஒரு தாளைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "காஞ்சு போயிருக்கு. அதான் சுருங்கிடுச்சு. ஃபேனை யார் போட்டது?"

அண்ணி சுவரைப் பார்த்தாள். "புழுக்கமா இருந்துச்சுடி..."

"நல்லா வந்துச்சு காத்து!"

"மணி மூணாச்சே!"

"அவசரத்துல அண்டாவுக்குள்ளகூட கை போகாது. ஒரு மணி நேரம் குடுங்க."

நனைத்த காகிதங்களுக்கு இடையே தாள்களை அடுக்கி, பிளாஸ்டிக்கில் சுற்றி, மேலே பலகை வைத்தாள். அண்ணி அறையை அளந்தபடி நடந்தாள். நாத்தனார் உளிப்பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

நான்கு மணி. சிவப்பைத் தடவி, தாளைப் பொருத்தி, வட்டத் தட்டால் அழுத்தித் தேய்த்து, மெல்லத் தூக்கினார்கள். நகமும் சதையும்போலக் கோடும் குடையும்! அடுத்தது. அதற்கடுத்தது. பத்தும் அப்படியே.

கண்காட்சியில் படங்களைப் பொறுப்பில் வாங்கிக்கொண்ட அம்மாள் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் பார்த்தாள். "எத மாட்டுறது? எல்லாம் ஒண்ணு போலல்ல இருக்கு!"

"அதத்தான் கேட்டீங்க!" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே குரலில்.

படத்தின் கீழே பென்சிலால் கையெழுத்துப் போட்ட அண்ணி, பென்சிலை நாத்தனாரிடம் நீட்டினாள். "நீயும் போடு."

விலகிப்போன குடைகளில் ஒன்று இப்போது ஃபேன் சுவிட்சுக்கு மேலே தொங்குகிறது. மாட்டியது யாரென்று நான் சொல்ல வேண்டுமா என்ன!